காம்காஸ்ட் அனுப்பிய போலி பாக்கெட்டுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

டொரன்ட் (பயனர்கள் தங்களுக்குள் நேரடியாகக் கோப்பு பகிர்ந்துகொள்ளும் முறை) என்று பேச்சு வந்தாலே நம் ஆட்களுக்கு வெள்ளிக்கிழமை ரிலீஸான படம்தான் ஞாபகத்துக்கு வரும். ஊர் நிலவரம் அப்படி, குறை சொல்ல முடியாது. ஆனால் டொரன்ட்டை வைத்து நடந்த சண்டைகளிலேயே இணையச் சட்டத்தை அதிகம் ஆட்டிப் பார்த்த ஒன்று புதுப்படத்தால் வந்ததல்ல. ஒரு பழங்காலப் பாட்டுப் பிரியரால் வந்தது. அதற்குச் சாட்சியாக நின்றது ஒரு பைபிள்.

2007 வாக்கில் அமெரிக்காவின் மிகப் பெரிய கேபிள் நிறுவனமாக இருந்தது காம்காஸ்ட். அப்போது அது தன் சந்தாதாரர்களின் முகவரியைப் போட்டே போலி பாக்கெட்டுகளை (இணையத்தில் தகவல் பயணிக்கும் சிறு பொட்டலங்களை) அனுப்பி, அவர்களுடைய கோப்புப் பகிர்வை நடுவில் அறுத்துக்கொண்டிருந்தது. கேட்டபோது இல்லை என்றது. பிறகு, அது தடை இல்லை, தாமதம்தான் என்றது. இந்த விவகாரத்தை வழக்கமாக 'நெட் நியூட்ராலிட்டி' (இணையப் போக்குவரத்தைப் பாரபட்சமில்லாமல் நடத்த வேண்டும் என்ற கொள்கை) தலைப்பில் போட்டு, அரசின் தொலைத்தொடர்புக் கமிஷனும் நீதிமன்றமும் சொன்னதோடு முடித்துவிடுவார்கள். அந்த அறுப்பில் அதிகம் அடிபட்டது எந்தக் கோப்பு என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பதிவேற்றம் மட்டும் ஏன் அறுகிறது?

ஆரிகன் மாநிலம், ஹில்ஸ்பரோ. ராப் டொபோல்ஸ்கி மென்பொருள் தரச் சோதனைத் துறையைச் சேர்ந்தவர். அவருக்குப் பார்பர்ஷாப் குவார்ட்டெட் என்றால் உயிர். நான்கு பேர் சேர்ந்து, வாத்தியம் எதுவும் இல்லாமல், குரலாலேயே சுருதி கூட்டிப் பாடும் பழைய அமெரிக்கப் பாணி அது. அந்த வகைப் பழைய பாட்டுகளை அவர் கோப்புப் பகிர்வு மென்பொருள்கள் வழியே மற்றவர்களுக்குக் கொடுத்துவந்தார். உரிமை கேட்டு எந்த கம்பெனியும் வாசலில் வந்து நிற்கப்போகாத சரக்கு. கேட்கிற ஆளும் குறைவு, வைத்திருக்கிற ஆள் அதைவிடக் குறைவு.

2007 தொடக்கத்தில் அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. இறக்குவது சரியாக நடக்கிறது, ஏற்றுவதுதான் தொடங்கியதும் அறுந்துபோகிறது. வேறொருவராக இருந்தால் மோடத்தை அணைத்துப் போட்டுவிட்டுப் படுத்திருப்பார். இவருக்குச் சோதிப்பதுதான் தொழில். போகிற வருகிற பாக்கெட்டுகளைப் பிடித்து வரிசையாக வைத்துப் பார்த்தார். இணைப்பு தானாக அறுபடவில்லை, நடுவில் யாரோ ரீசெட் பாக்கெட்டுகளைச் செருகுகிறார்கள் என்று தெரிந்தது. 2007 மே மாதம், பிராட்பேண்ட் பயனர்கள் கூடும் ஒரு விவாதத் தளத்தில் அதை எழுதினார். கனடாவின் சாண்ட்வைன் நிறுவனத்துக் கருவியை காம்காஸ்ட் பயன்படுத்துகிறது என்பது அவர் கணிப்பு. அந்தக் கணிப்பு சரி என்பது பின்னால் நிரூபணமானது.

அந்த ரீசெட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். இரண்டு கணினிகள் டிசிபி என்ற இணைய நெறிமுறையில் பேசும்போது ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, வரிசை எண், சில கொடிகள் ஆகியவை இருக்கும். ரீசெட் கொடி ஏற்றிய பாக்கெட் வந்தால், 'இந்த இணைப்பு செல்லாது, விட்டுவிடு' என்று பொருள். வாங்கிய கணினி மறுபேச்சில்லாமல் இணைப்பை மூடிவிடும். எதிர்முனைக் கணினி திடீரென்று மறுதொடக்கம் ஆனது போன்ற சந்தர்ப்பங்களுக்கென்று வைத்த ஏற்பாடு இது. யார் வேண்டுமானாலும் ஒரு ரீசெட்டைத் தட்டிவிட முடியாது. வரிசை எண் பொருந்தவில்லை என்றால் கணினி அதைச் சீந்தாது. ஆனால் வழியில் உட்கார்ந்துகொண்டு எல்லாப் பாக்கெட்டையும் பார்க்கிறவருக்கு வரிசை எண் கண்ணெதிரே இருக்கிறது. சாண்ட்வைன் கருவி போக்குவரத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை. பக்கவாட்டில் நின்று நகலைப் படித்தது. பிட்டொரன்ட் (டொரன்ட்டின் முழுப்பெயர்) பதிவேற்றம் என்று தெரிந்ததும், இந்தப் பக்கத்துக்கு அந்தப் பக்கத்தின் முகவரியிலும் அந்தப் பக்கத்துக்கு இந்தப் பக்கத்தின் முகவரியிலும் ஒவ்வொரு ரீசெட்டை அனுப்பியது. இருவரும் எதிராளிதான் முறித்துக்கொண்டான் என்று நம்பினார்கள்.

இந்த உத்தி காம்காஸ்ட்டோடு பிறந்ததல்ல. 2006-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரிச்சர்ட் கிளேட்டன், ஸ்டீவன் மர்டாக், ராபர்ட் வாட்சன் மூவரும் சீனாவின் இணையத் தடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று எழுதிய கட்டுரையில் இதே கதை வரும். தடைசெய்த சொல் ஒன்று கண்ணில் பட்டதும் தடுப்புக் கருவி இரு பக்கமும் ரீசெட் அனுப்பும். இரு முனைகளும் ரீசெட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பாக்கெட்டுகள் தடையில்லாமல் போய்ச் சேரும் என்பதையும் அவர்கள் காட்டினார்கள். ஒரு வருடம் கழித்து அமெரிக்காவில் டொரன்ட் பயனர்கள் செய்த கைவைத்தியமும் அதேதான்: ஃபயர்வாலில் ரீசெட்டைத் தூக்கிப் போடும் ஒரு விதி. ஆனால் அது பலிக்க வேண்டும் என்றால் மறுமுனையில் இருக்கும் முகம் தெரியாத ஆளும் அதே விதியைப் போட்டிருக்க வேண்டும்.

பைபிள் சோதனை

ஆகஸ்டில் செய்தி பரவியதும், பிட்டொரன்ட்டை நாங்கள் தடுக்கவில்லை என்று காம்காஸ்ட் மறுத்தது. அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தானே சோதித்துப் பார்க்க முடிவு செய்தது. எடுத்துக்கொண்ட கோப்பு கிங் ஜேம்ஸ் பைபிள். யாரும் திருட்டு என்று சொல்லிவிட முடியாத நூல், அளவில் ஒரு பாட்டுக் கோப்பு மாதிரிச் சின்னது. நல்ல சாமர்த்தியமான தேர்வு. பிலடெல்ஃபியா, சான் ஃபிரான்சிஸ்கோ பகுதிகளில் காம்காஸ்ட் இணைப்பில் இருந்த கணினிகளிலிருந்து அதை வேறு நிறுவன இணைப்பில் இறக்கப் பார்த்தார்கள். மூன்று முயற்சியில் இரண்டு முழுக்கத் தோற்றன. மூன்றாவது 10 நிமிடத் தாமதத்துக்குப் பிறகுதான் தொடங்கியது. 2007 அக்டோபர் 19 அன்று இது செய்தியானது.

இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் இரு முனையிலும் பாக்கெட்டுகளைப் பதிவு செய்து ஒப்பிட்டது. இந்த முனையில் அனுப்பாத ரீசெட் அந்த முனையில் வந்து விழுந்திருக்கிறது, அங்கே அனுப்பாதது இங்கே. ஒரு முனையை மட்டும் பார்த்தால் எதிராளி சரியில்லை என்றுதான் தோன்றும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் மூன்றாவது ஆள் தெரிவான். போகிற போக்கில் இன்னொன்றும் வெளியே வந்தது. அலுவலகங்கள் பயன்படுத்தும் லோட்டஸ் நோட்ஸ் மின்னஞ்சலில் பெரிய இணைப்புக் கோப்புகளும் இதே மாதிரி அறுபட்டிருக்கின்றன. டொரன்ட்டைப் பிடிக்க வைத்த கண்ணி ஆபீஸ் கடிதத்தையும் பிடித்திருக்கிறது.

அடிபட்ட கோப்பு எது?

காம்காஸ்ட்டுக்கும் ஒரு நியாயம் இருந்தது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கேபிள் இணைப்பில் ஒரு வட்டாரத்து வீடுகளெல்லாம் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. சராசரியாக 275 வாடிக்கையாளர் ஒரே இறக்கப் போர்ட்டையும், 100 பேர் ஒரே ஏற்றப் போர்ட்டையும் பகிர்ந்ததாக காம்காஸ்ட் பொறியாளர்களே பின்னர் எழுதினார்கள். டிவி பார்ப்பதற்காகப் போட்ட கம்பி அது. வீட்டுக்குள் வருவதற்கு அகலமான வழி, வெளியே போவதற்கு ஒற்றையடிப் பாதை. அந்த ஒற்றையடிப் பாதையில் நான்கு வீட்டுக்காரர்கள் ராத்திரி பகலாக டொரன்ட் ஏற்றினால், மற்றவர் இணையத் தொலைபேசியில் பேசும் பேச்சு விக்கும். பிரச்சினை உண்மையானதுதான்.

ஆனால் அவர்கள் செய்தது நெரிசலை அளப்பது அல்ல, இணைப்புகளை எண்ணுவது. அதுவும் எல்லா இணைப்பையும் அல்ல. இறக்கிக்கொண்டே ஏற்றுகிறவரை விட்டுவிட்டு, முழுக் கோப்பையும் கையில் வைத்துக்கொண்டு கொடுக்க மட்டும் செய்கிறவரைக் குறிவைத்தார்கள். டொரன்ட் பாஷையில் சொன்னால், சீடு செய்கிறவரை. ஒரு பகுதிக்குள் ஒரே நேரத்தில் இத்தனை ஒருவழிப் பதிவேற்றம் என்று ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு வரம்பு. கமிஷனிடம் காம்காஸ்ட்டே கொடுத்த கணக்கில் க்னுடெல்லா என்ற இன்னொரு பகிர்வு முறைக்கு 80, பிட்டொரன்ட்டுக்கு வெறும் 8. அதைத் தாண்டினால் ரீசெட். பாதை அந்த நேரத்தில் காலியாக இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள பிட்டொரன்ட்டின் அடிப்படையைப் பார்க்க வேண்டும். 2001-இல் பிராம் கோஹென் வெளியிட்ட இந்த முறையில் கோப்பு சிறு துண்டுகளாக வெட்டப்படும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹாஷ் எண் டொரன்ட் கோப்பிலேயே இருக்கும், அதனால் துண்டு யாரிடமிருந்து வந்தாலும் அசலா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். இறக்குகிற ஒவ்வொருவரும் கிடைத்த துண்டை அடுத்தவருக்குக் கொடுப்பார். கூட்டத்தில் எந்தத் துண்டு அரிதாக இருக்கிறதோ அதை முதலில் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் இதன் சூட்சுமம். நடு சர்வர் என்று ஒன்று இல்லாததால் தடுக்க ஓர் இடம் கிடையாது, ஒரு முனை போனாலும் கோப்பு போகாது என்று இதைப் புகழ்வார்கள்.

கூட்டம் பெரியதாக இருக்கும்வரைதான் அந்தப் புகழ்ச்சி உண்மை. புதுப்படத்துக்கு உலகம் முழுக்க சீடு செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, காம்காஸ்ட் சந்தாதாரர் நூறு பேரின் இணைப்பை அறுத்தாலும் இறக்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. மென்பொருள் தானாகவே ஜெர்மனிக்காரரிடமோ ஜப்பான்காரரிடமோ போய் வாங்கிக்கொள்ளும். ஒரே ஒருவர் மட்டும் வைத்திருக்கும் பழைய பாட்டு, யாரும் சீண்டாத கையேடு, ஒரு சிறு குழு தன் கைக்காசில் எடுத்த ஆவணப்படம் இவற்றின் கதையே வேறு. அந்த ஒருவர் காம்காஸ்ட் வீட்டில் இருந்தால், அந்தக் கோப்பு இணையத்தில் இல்லை என்றே ஆகிவிடும். திருட்டுப் படம் பிழைக்கும், டொபோல்ஸ்கியின் பாட்டு சாகும். நெரிசலைக் குறைக்கப் போட்ட கத்தி கொழுத்ததை விட்டுவிட்டு மெலிந்ததைத்தான் வெட்டியது. 2007-இல் இந்தச் சண்டையைத் திருடர்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலானதாக எழுதியவர்கள் இதைப் பார்க்கத் தவறினார்கள் என்பது என் கருத்து. முதலில் புகார் சொன்னவர் ஒரு பார்பர்ஷாப் ரசிகர் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. புதுப்படம் இறக்குகிறவருக்குப் புகார் சொல்ல எதுவுமே நடக்கவில்லை.

வாடகை ஆட்களும் கமிஷன் உத்தரவும்

2007 நவம்பரில் ஃப்ரீ பிரஸ், பப்ளிக் நாலெட்ஜ் ஆகிய அமைப்புகள் தொலைத்தொடர்பு ஒழுங்காற்றுக் கமிஷனான எஃப்.சி.சி.யிடம் புகார் கொடுத்தன. பிட்டொரன்ட் வழியே சட்டப்படி வீடியோ விநியோகித்துக்கொண்டிருந்த வியூஸ் நிறுவனமும் மனு போட்டது. 2008 பிப்ரவரி 25 அன்று ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் பொது விசாரணை. அன்று அரங்கம் சீக்கிரமே நிரம்பிவிட, பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். தன் ஊழியர்களுக்கு இடம் பிடித்து வைக்கக் கூலிக்கு ஆள் அமர்த்தியதைப் பிறகு காம்காஸ்ட்டே ஒப்புக்கொண்டது. நம்மூர்க் கட்சிக் கூட்டங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல, ஆனால் கேபிள் கம்பெனியும் செய்யும் என்பது அன்று தெரிந்தது. ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் இன்னொரு விசாரணை. அங்கே டொபோல்ஸ்கியும் சாட்சி சொன்னார்.

நெரிசல் நேரத்தில் மட்டும்தான் செய்கிறோம் என்ற வாதத்தை உடைத்தது இன்னொரு இடத்திலிருந்து வந்த அளவீடு. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் மென்பொருள் அமைப்புகள் நிறுவனத்தில் கிருஷ்ண கும்மாடியின் குழு கிளாஸ்நாஸ்ட் என்ற கருவியை உருவாக்கியிருந்தது. எந்தப் பயனரும் தன் பிரவுசரிலிருந்தே தன் இணைப்பைச் சோதித்துக்கொள்ள முடிந்தது. பொய்யான டொரன்ட் போக்குவரத்தையும் அதே அளவு சாதாரணப் போக்குவரத்தையும் அனுப்பி, எது அறுகிறது என்று அது பார்த்தது. காம்காஸ்ட் இணைப்புகளில் நாளின் எல்லா நேரத்திலும் அறுப்பு நடக்கிறது என்று 2008-இல் அந்த முடிவுகள் காட்டின.

2008 ஆகஸ்ட் 1 அன்று கமிஷன் 3-க்கு 2 என்ற கணக்கில் காம்காஸ்ட்டுக்கு எதிராக முடிவெடுத்தது. தலைவர் கெவின் மார்ட்டின் குடியரசுக் கட்சிக்காரர். தன் கட்சி உறுப்பினர்கள் இருவரும் எதிர்க்க, ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் இருவரோடு சேர்ந்து வாக்களித்தார். தபால் நிலையம் உங்கள் கடிதத்தைப் பிரித்துப் பார்த்து, கொண்டுபோய்ச் சேர்க்க மனமில்லாமல், 'முகவரி தெரியவில்லை' என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினால் ஏற்பீர்களா என்று அவர் கேட்டார். சரியான கேள்வி. திருப்பி அனுப்பியதைவிட, அந்த முத்திரை பொய் என்பதுதான் குற்றம். அபராதம் எதுவும் விதிக்கவில்லை. என்ன செய்தாய் என்பதை வெளியிடு, வருடக் கடைசிக்குள் நிறுத்து, பதிலுக்கு என்ன செய்யப்போகிறாய் என்று சொல். அவ்வளவுதான் உத்தரவு.

அந்த உத்தரவும் நிற்கவில்லை. காம்காஸ்ட் மேல்முறையீடு செய்தது. 2010 ஏப்ரல் 6 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி டேவிட் டேட்டல் எழுதிய தீர்ப்பு, காம்காஸ்ட் செய்தது சரியா தப்பா என்ற பக்கமே போகவில்லை. இதைக் கேட்க எஃப்.சி.சி.க்கு எந்தச் சட்டப் பிரிவு அதிகாரம் கொடுக்கிறது என்று கேட்டது. கமிஷன் நம்பியிருந்தது 2005-இல் தானே வெளியிட்ட ஒரு கொள்கை அறிக்கையை. அது விதியல்ல. உத்தரவு ரத்தானது. அதற்குப் பிறகு நடந்தது எல்லோரும் அறிந்த இழுபறி: 2010-இல் நெட் நியூட்ராலிட்டி விதி, 2014-இல் நீதிமன்றத்தில் அதன் பெரும்பகுதி ரத்து, 2015-இல் வலுவான விதி, 2017-இல் வாபஸ், 2024-இல் மறுபடி, 2025 ஜனவரியில் மறுபடி ரத்து. சந்தாதாரர்கள் போட்ட கூட்டு வழக்கு தனியே 1.6 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. தவறு செய்ததாக காம்காஸ்ட் ஒப்புக்கொள்ளவில்லை. ஆளுக்குக் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 16 டாலர்.

பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்கு ஓர் உதாரணம் உண்டு. 2012-இல் ஒரு தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய 'ஜான் டோ' (பெயர் தெரியாத ஆட்களுக்கு எதிரான) உத்தரவைக் காட்டி, இணைய நிறுவனங்கள் பைரேட் பே என்ற டொரன்ட் தளத்தை மட்டுமல்லாமல் விமியோ, டெய்லிமோஷன் போன்ற வீடியோ தளங்களையே மொத்தமாக அடைத்தன. அநியாயமான அடைப்புதான், ஆனால் தடுக்கப்பட்டது என்று திரையில் எழுத்து வந்தது. அடைத்தது தெரிந்ததால் ஜனங்கள் சத்தம் போட்டார்கள். ஜூன் மாதமே, குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுத்தால் போதும், தளத்தையே அல்ல என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. காம்காஸ்ட் விவகாரத்தில் திரையில் எதுவும் வரவில்லை. பாக்கெட் பிடித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் தற்செயலாக அடிபட்டவராகவும் இருந்ததால்தான் அது வெளியே வந்தது.

அறுக்காமல் சமாளித்தது எப்படி

உத்தரவு ரத்தானாலும் காம்காஸ்ட் பழைய வழிக்குத் திரும்பவில்லை. 2008 அக்டோபர் 1 முதல் மாதத்துக்கு 250 ஜிபி என்ற வரம்பு வந்தது. முரட்டு வழிதான், ஆனால் எல்லோருக்கும் தெரிகிற வழி. அந்த வருடக் கடைசிக்குள் ரீசெட் முறை கழன்று புது முறை வந்தது. அதன் விவரத்தை காம்காஸ்ட் பொறியாளர்களே 2010 டிசம்பரில் ஆர்எஃப்சி 6057 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியிட்டார்கள். ஏற்றப் பாதை 15 நிமிடத்துக்கு 70 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தால்தான் நெரிசல் நெருங்குகிறது என்று கணக்கு. அப்போது தன் வேகத்தில் 70 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தும் வீட்டுக்காரரின் பாக்கெட்டுகள் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படும். பயன்பாடு 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பழையபடி முன்னுக்கு வரும். அவர் ஏற்றுவது டொரன்ட்டா குடும்பப் படமா என்று கருவி பார்க்காது. இதையே முதலில் செய்திருந்தால் இந்த நிகழ்வு ஆய்வுக்கு வேலையே இருந்திருக்காது.

டொரன்ட் பக்கத்திலும் பதில் எழுந்தது. பிட்டொரன்ட் நிறுவனம் கொண்டுவந்த யூடிபி (uTP) முறை டிசிபியை விட்டுவிட்டு, யூடிபி (UDP) என்றே வேறு எழுத்துக்கூட்டலில் எழுதும் பழைய நெறிமுறையின் மேல் ஓடியது. பெயர்க் குழப்பத்துக்கு மன்னிக்கவும், வைத்தவர்கள் அப்படி வைத்துவிட்டார்கள். 2010-இல் யூடொரன்ட் என்ற டொரன்ட் மென்பொருளின் 2.0 பதிப்பில் அது இயல்பாகவே இயங்க ஆரம்பித்தது. டிசிபி இல்லை என்றால் டிசிபி ரீசெட்டைப் போலி செய்தும் பயனில்லை. அதைவிட முக்கியமானது அதில் இருந்த லெட்பேட் என்ற நெரிசல் கட்டுப்பாடு. சாதாரண டிசிபி, பாக்கெட் தொலைந்த பிறகுதான் வேகத்தைக் குறைக்கும். லெட்பேட் அதற்கு முன்பே, பாக்கெட் போய்ச் சேரும் நேரம் நீள்வதைக் கவனிக்கும். வரிசையில் 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம் சேர்கிறது என்றால், வீட்டில் வேறு யாரோ பேசுகிறார்கள் அல்லது பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு ஒதுங்கிக்கொள்ளும். பாதை காலியானதும் மறுபடி ஏறும். காம்காஸ்ட் எந்தத் தொல்லையைச் சொல்லி ரீசெட் அனுப்பியதோ, அந்தத் தொல்லையை அனுப்புகிற கணினியே குறைத்துக்கொள்கிற ஏற்பாடு.

லெட்பேட் 2012 டிசம்பரில் ஆர்எஃப்சி 6817 ஆனது. பின்னர் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸுக்கு அதை எடுத்துக்கொண்டது. 2015-இல் வந்த விண்டோஸ் 10, தன் அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து மட்டும் அல்லாமல் பக்கத்துக் கணினிகளிலிருந்தும் துண்டு துண்டாக வாங்கிக்கொள்ளும் வசதியோடு வந்தது. அமைப்புகளில் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்ற பக்கத்தைத் திறந்தால், இந்த மாதம் உங்கள் கணினி மற்றவர்களுக்கு எத்தனை எம்பி ஏற்றிக் கொடுத்தது என்ற கணக்கு இருக்கும்.